இயற்பியல் வினாத்தொகுப்பும் நன்னூலின் வினாப் பாகுபாடும்

இயற்பியலில் பலரும் மீண்டும் மீண்டும் எழுப்பும் வினாக்களைத் தொகுப்போர், அவற்றை இயக்கவியல், ஒளியியல், வெப்பவியல் எனப் பொருள்வகையால் பகுப்பது வழக்கம். இப்பகுப்பு வினாவின் பொருளைக் காட்டும். வினவுவோரின் அறிவுநிலையைக் காட்டாது.

நன்னூலார் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என வினவுவோர்வழி அறுவகைப்படுத்துகிறார். இவற்றுள் அறியாமையும் ஐயமும் இத்தொகுப்பிற்கு நேரே பொருந்துவன. 'வானம் ஏன் நீலமாகத் தோன்றுகிறது?' என்பது அறியா வினா. ஒளிச்சிதறலை விளக்கினால் போதும். 'ஒளி அலையா, துகளா?' என்பது ஐயவினா. ஈரியல்பும் உண்டெனக் காட்டி ஐயம் அகற்றல் வேண்டும்.

'விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு ஏன் இல்லை?' என்பதோ வடிவால் அறியா வினா. பொருளால் பிழையான துணிபைத் தன்னுள் கொண்டது. ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்திலும் புவியீர்ப்பு தரைமட்டத்தில் உள்ளதில் 90 விழுக்காட்டளவு உண்டு. நிலையமும் அதனுள் இருப்போரும் ஒருசேர வீழ்ந்தவாறே புவியைச் சுற்றுவதால் எடையின்மை உணரப்படுகிறது. இத்தகு வினாவிற்கு நேர்விடை கூறின் பிழை உறுதிப்படும். முதற்கண் துணிபை மறுத்தலே முறை.

'ஐயந்திரிபு' என்னும் வழக்கில் ஐயத்தோடு இணைத்தெண்ணப்படும் திரிபு, நன்னூலின் வினாவகையுள் தனியே இடம்பெறவில்லை. அறியாமை, ஐயம், திரிபு என்னும் மூன்றையும் உட்தலைப்புகளாகக் கொள்ளின், வினாத்தொகுப்பு விடைகூறும் முறையையும் உடன் உணர்த்தும்.