உப்புக் காற்றில் ஓசையில்லாத பவர் சப்ளை

ஒலிபெருக்கியில் தெரியாத ரீங்காரம் ஹெட்ஃபோனில் தெரிந்துவிடும். 32 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் என்று பெட்டியில் அச்சிட்ட சாதாரண ஹெட்ஃபோனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 100 மைக்ரோவோல்ட் போனாலே சுமார் 35 டெசிபல் ஓசை எழும். ஒரு வோல்ட்டைப் பத்தாயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் அது. ராத்திரி ஊர் அடங்கிய பிறகு, பாட்டுக்கு நடுவில் வரும் மௌனத்தில் அது கேட்கத்தான் செய்யும்.

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர் கட்டுபவருக்கு இதற்கு மேலும் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, கரண்ட். தெற்கே அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல் மின்நிலையங்கள் இருக்கின்றன என்பதால் கோரைகுப்பத்தின் கடைசி வீட்டுக்கு 230 வோல்ட் ஒழுங்காக வந்துவிடாது. நீளமான லைனின் நுனியில் மாலை வேளையில் வோல்ட்டேஜ் இறங்கும். இறால் பண்ணை மோட்டாரும் மலிவான எல்இடி பல்புகளும் அதே லைனில் தங்கள் குப்பையைக் கொட்டும். இரண்டாவது, உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் தானாகவே நீர்கோத்துக்கொள்ளும். சர்க்யூட் போர்டின் மேல் படிந்த உப்பு அப்போது மின்சாரம் கடத்தும் ஈரப்படலம் ஆகிவிடும். சென்னை நகருக்குள் பத்து வருஷம் ஓடும் போர்டு இங்கே அவ்வளவு காலம் தாங்காது.

விலை உயர்ந்த ஐசி வாங்கினால் இந்த இரண்டும் தீராது. கம்பியை எப்படி இழுக்கிறோம், பெட்டியை எப்படி அடைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெயர் வெளியிடாத வடிவமைப்பாளர் ஒருவர் 2011-ல் வெளியிட்ட ஓ2 ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதில் இருப்பது டிவி மெக்கானிக் டப்பாவில் கிடக்கும் அதே 7812, 7912 ரெகுலேட்டர்கள்தான்.

முதலில் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் காலை, உச்சி, மாலை என்று வீட்டுப் பிளக்கில் மல்டிமீட்டர் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கீழே இறங்குகிறது, எவ்வளவு மேலே ஏறுகிறது என்ற இரண்டு எண்கள்தான் டிரான்ஸ்ஃபார்மரைத் தீர்மானிக்கும்.

நமக்கு வேண்டியது பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட், பக்கத்துக்கு 100 மில்லி ஆம்பியர். கடைக்காரர் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து நீட்டுவார். வாங்காதீர்கள். மெயின்ஸ் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் அது டயோடு தாண்டிக் கொடுப்பது 12.5 வோல்ட்தான். ரெகுலேட்டருக்கு வெளியே வருவதைவிட இரண்டு வோல்ட்டாவது அதிகம் உள்ளே வேண்டும். 15-0-15, ஒரு ஆம்பியர் வாங்கினால் அதே 180-ல் 15.8 வோல்ட் கிடைக்கும், தாக்குப்பிடிக்கும். மறுபக்கத்தையும் கணக்கில் எடுங்கள். லோடு இல்லாத நேரத்தில் மெயின்ஸ் 260-ஐத் தொட்டால் அதே டிரான்ஸ்ஃபார்மர் 27 வோல்ட் வரை தரும். 25 வோல்ட் கெப்பாசிட்டர் அங்கே உப்பிவிடும். 35 வோல்ட் கெப்பாசிட்டரே போடுங்கள்.

உங்கள் அளவு அடிக்கடி 180-க்குக் கீழே போகிறதென்றால் இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

சாமான்கள்

பொன்னேரியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் அண்ணா சாலைப் பக்கம் ரிச்சி தெரு. ஒரே நடையில் எல்லாம் கிடைக்கும்: டிரான்ஸ்ஃபார்மர், யுஎஃப் 4007 டயோடு நான்கு, 2200 மைக்ரோஃபாரட் 35 வோல்ட் கெப்பாசிட்டர் நான்கு, 4.7 ஓம் 2 வாட் ரெசிஸ்டர் இரண்டு, எல்எம் 317, எல்எம் 337 ரெகுலேட்டர் ஒவ்வொன்று, 120 ஓமும் ஒரு கிலோ ஓமும் ஒரு சதவீத ரகத்தில், மைக்கா தகடு, ஃபியூஸ் ஹோல்டர், பெயின்ட் அடித்த அலுமினியப் பெட்டி. போர்டு வாங்கும்போது பழுப்பு நிற ஹைலம் போர்டு மலிவு என்று எடுக்காதீர்கள். அது ஈரம் குடிக்கும். பச்சை நிற கிளாஸ் எபாக்சி போர்டே இந்தக் கரைக்கு ஏற்றது. கம்பியும் வெறும் செம்பு வேண்டாம், ஈயம் பூசிய கம்பி வாங்குங்கள். வெறும் செம்பில் உறைக்குள்ளேயே களிம்பு ஏறிக்கொண்டு போகும்.

மெயின்ஸ் பக்கம்

மூன்று பின் பிளக்கிலிருந்து வரும் ஃபேஸில் முதலில் 250 மில்லி ஆம்பியர் ஸ்லோ ஃபியூஸ். அடுத்து ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும் சுவிட்ச். அதற்கப்புறம் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே 275 வோல்ட் வேரிஸ்டரும், எக்ஸ்2 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும். எக்ஸ்2 என்ற எழுத்து இல்லாத கெப்பாசிட்டர் இந்த இடத்தில் தீப்பிடிக்கும், சமாளிக்கலாம் என்று நினைக்கவே கூடாது. எர்த் கம்பியைப் பெட்டியின் உலோகத்தில் திருகாணி போட்டு இறுக்க வேண்டும்.

எர்த் என்று சொல்லும்போது ஒன்று. உப்பு மண்ணில் எர்த் நன்றாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் புதைத்த ஜிஐ பைப் அதே உப்பால் அரித்துப் போய், மேலே கம்பி மட்டும் மிச்சமிருக்கும் வீடுகள் உண்டு. வயர்மேனைக் கூப்பிட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டிசி பக்கம்

டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 47 ஓம் ரெசிஸ்டரும் தொடராக வையுங்கள். டயோடு மூடும் ஒவ்வொரு தடவையும் சுருளில் எழும் அதிர்வை அது அடக்கும். நான்கு டயோடும் பிரிட்ஜ் ஆனதும், பிளஸ் பக்கம் ஒரு 2200, பிறகு 4.7 ஓம், பிறகு இன்னொரு 2200. மைனஸ் பக்கமும் அப்படியே, கெப்பாசிட்டரின் முனைகள் மட்டும் மாறும்.

இந்த 4.7 ஓமை வீண் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எல்எம் 317 நூறு ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை நன்றாக அடக்கும். அலைவரிசை ஏற ஏற அதன் பலம் குறைந்துகொண்டே போகும். எல்இடி பல்பும் செல்போன் சார்ஜரும் கொட்டும் குப்பை அந்த உயர்ந்த அலைவரிசையில்தான் வருகிறது. அதை வாசலிலேயே நிறுத்துவது இந்தச் சின்ன ரெசிஸ்டர்.

ரெகுலேட்டரில் அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே 120 ஓம், அட்ஜஸ்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு கிலோ ஓம். 11.7 வோல்ட் வரும், அது போதும். அந்த ஒரு கிலோ ஓமுக்கு இணையாக 10 மைக்ரோஃபாரட் வைத்தால் ரீங்காரத்தை அடக்கும் திறன் 65-லிருந்து 80 டெசிபலுக்கு ஏறும். வைத்தால் பாதுகாப்பு டயோடுகளையும் விடாதீர்கள்: ஒன்று அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு, ஒன்று அட்ஜஸ்டிலிருந்து அவுட்புட்டுக்கு. 337-ல் இரண்டுக்கும் திசை நேர்மாறு. அவுட்புட்டில் 47 மைக்ரோஃபாரட் சாதாரண எலக்ட்ரோலிட்டிக். 337 அது இல்லாமல் நிலைகொள்ளாது.

ஐசி அதிகம் எரிவது கால் வரிசையில்தான். எழுத்து நம்மைப் பார்த்திருக்க, இடமிருந்து வலமாக 317-க்கு அட்ஜஸ்ட், அவுட்புட், இன்புட். 337-க்கு அட்ஜஸ்ட், இன்புட், அவுட்புட். முதுகுத் தகடும் 317-ல் அவுட்புட்டோடும் 337-ல் இன்புட்டோடும் ஒட்டியிருக்கும். மைக்கா இல்லாமல் இரண்டையும் ஒரே பெட்டியில் திருகினால் ஷார்ட். முதலாவதை உருவாக்கியவர் பாப் டாப்கின், இரண்டாவதை பாப் பீஸ், இருவரும் நேஷனல் செமிகண்டக்டரில் இருந்தவர்கள். கால் வரிசையில் மட்டும் ஒத்துப்போகவில்லை.

கிரவுண்டு

கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. கணக்குப் பார்க்கலாம். முதல் கெப்பாசிட்டரில் 100 மில்லி ஆம்பியர் லோடில் 0.45 வோல்ட் ஏற்ற இறக்கம் இருக்கும். 4.7 ஓம் தாண்டியதும் அது 0.07 வோல்ட். ரெகுலேட்டர் தாண்டியதும் சுமார் 7 மைக்ரோவோல்ட். ஆம்ப்ளிஃபயரில் உள்ள ஆப்-ஆம்ப் ஐசி தன் பங்குக்கு 80 டெசிபல் அடக்கினால் ஒரு நானோவோல்ட்டுக்கும் கீழே. காதுக்கு இது ஒன்றுமே இல்லை.

இப்போது கம்பியைப் பாருங்கள். முதல் கெப்பாசிட்டர் நிரம்பும்போது மின்னோட்டம் சீராக வராது. வினாடிக்கு நூறு தடவை, அரை ஆம்பியருக்கு மேல், வெட்டி வெட்டி வரும். பத்து சென்டிமீட்டர் மெல்லிய கம்பியின் தடை சுமார் 8 மில்லி ஓம். அதில் இந்த ஓட்டம் போனால் 4 மில்லிவோல்ட். ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்டும் அதே கம்பியில் தொங்கினால், ரெகுலேட்டர் கஷ்டப்பட்டு அடக்கியதெல்லாம் வீண். காதில் கேட்கும் அளவென்று மேலே சொன்ன 100 மைக்ரோவோல்ட்டைப் போல நாற்பது மடங்கு நேராக உள்ளே வந்துவிடும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் நடுக் கம்பி, முதல் இரண்டு கெப்பாசிட்டர்களும் சேரும் புள்ளிக்கு மட்டும் போகட்டும். அங்கிருந்து ஒரே ஒரு தடித்த கம்பி இரண்டாவது ஜோடி சேரும் புள்ளிக்கு. ரெகுலேட்டரின் கிரவுண்டு, ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கிரவுண்டு எல்லாம் இந்த இரண்டாவது புள்ளியிலிருந்துதான் கிளம்ப வேண்டும். முதல் புள்ளியில் வேறு எதையும் தொங்கவிடாதீர்கள்.

பவர் சப்ளைக்கு ஒரு பெட்டி, ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு பெட்டி. நடுவில் ஒரு மீட்டர் மூன்று கம்பி கேபிள். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்திலிருந்து தப்ப இதைவிட மலிவான வழி கிடையாது.

உப்பை வெளியே நிறுத்துவது

சால்டரிங் முடிந்ததும் ஃபிளக்ஸ் எச்சத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, போர்டு பூச்சு ஸ்ப்ரே இரண்டு கோட் அடியுங்கள். கழுவாமல் அடித்தால் உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும். சுவிட்ச், சாக்கெட், வால்யூம் கன்ட்ரோல் மேல் ஸ்ப்ரே படக் கூடாது.

பெட்டிக்கு காற்றுத் துளை வேண்டாம். ரெகுலேட்டர் ஒவ்வொன்றும் முழு லோடில் ஒரு வாட் அளவுக்குத்தான் சூடாகும். மைக்கா வைத்துப் பெட்டியின் சுவரிலேயே திருகிவிட்டால் சுவரே ஹீட்சிங்க். கேபிள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம், திருகாணிகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

முதல் தடவை

பிளக்கோடு தொடராக 40 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டி, ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் போடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் ஷார்ட், உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். சரியாக இருந்தால் பல்பைக் கழற்றிவிட்டு இரண்டு அவுட்புட்டையும் அளந்து பாருங்கள். 11.7-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பக்கமும் 120 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை லோடாக வைத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.

ஆம்ப்ளிஃபயரை மாட்டியதும் முதலில் பழைய ஹெட்ஃபோன். வால்யூம் பூஜ்யத்திலேயே ரீங்காரம் இருந்தால் குற்றம் பவர் சப்ளையிலோ கிரவுண்டிலோ. வால்யூமோடு சேர்ந்து ஏறினால் வெளியிலிருந்து வருகிறது. பாட்டு ஓடும் போன் சார்ஜரில் இருந்தால் கழற்றிப் பாருங்கள், பாதி புகார் அங்கேயே தீரும். கரகரப்பான நூறு ஹெர்ட்ஸ் என்றால் மேலே சொன்ன கிரவுண்டுப் புள்ளிகளைச் சரிபாருங்கள். மொழுமொழுவென்ற ஐம்பது ஹெர்ட்ஸ் என்றால் டிரான்ஸ்ஃபார்மரைத் தள்ளி வையுங்கள்.

கரண்ட் சரியில்லாத வீட்டுக்கு

180-க்குக் கீழே அடிக்கடி இறங்கும் வீட்டிலும், சதுர அலை இன்வெர்ட்டரை நம்பும் வீட்டிலும் மேலே சொன்னது சரிப்படாது. சதுர அலைக்கு உச்சம் குறைவு. 15 வோல்ட் சுருள் அப்போது 14, 15 வோல்ட் டிசிதான் தரும், ரெகுலேட்டர் விளிம்பில் தள்ளாடும்.

அங்கே பேட்டரிதான் நல்லது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து, நடுப்புள்ளியைக் கிரவுண்டாக வைத்தால் பிளஸ் 12, மைனஸ் 12 தயார். ரெகுலேட்டர் வேண்டாம், ரீங்காரத்துக்கு வழியே இல்லை. 50 மில்லி ஆம்பியர் இழுக்கும் ஆம்ப்ளிஃபயர் நூறு மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஒவ்வொரு பேட்டரியின் முனையிலும் 500 மில்லி ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டும் சுவிட்ச் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் நின்றால் டிசி நேராக ஹெட்ஃபோனுக்குப் போய்ச் சுருளைக் கருக்கிவிடும். பேட்டரி 11.5 வோல்ட்டுக்கு வந்ததும் சார்ஜ் போடுங்கள், சார்ஜ் ஏறும்போது பாட்டுக் கேட்காதீர்கள்.