பக்கவாதம்: கடைசியாக நலமாக இருந்தது எப்போது?

மூளையின் பெரிய இரத்தக் குழாயை உறைகட்டி அடைத்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. ஆகவே, நோயாளியை அழைத்து வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்பது, அவர் கடைசியாக நலமாகக் காணப்பட்ட நேரத்தையே. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அந்நேரத்திலிருந்து நாலரை மணிக்குள் போட வேண்டும். உறங்கி எழும்போது கை செயலிழந்திருந்தால், படுக்கச் சென்ற நேரத்தைச் சொல்லுங்கள், எழுந்த நேரத்தையன்று. நாலரை மணி கடந்துவிட்டதென வீட்டிலேயே தங்கிவிடவும் வேண்டாம். தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரை குழாய்வழியே கட்டியை அகற்ற இயலும். வாய்க்கோணல் சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும் வாருங்கள். ஸ்கேனுக்கு முன் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். இரத்தக் கசிவாயின் அது கேடு செய்யும். இரத்த அழுத்தம், நீரிழிவு, சீரற்ற இதயத்துடிப்பு உள்ளோர் தம் மருந்துச் சீட்டை வீட்டார் அறிந்த இடத்தில் வைத்திருத்தல் நன்று. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்பவருக்கு இந்த ஊசி பொருந்தாமல் போகலாம்.