ஒரே நாளில் ஏன் கொடுப்பதில்லை?

கதிர்வீச்சு சிகிச்சைக்காக ஓவேலியிலிருந்து மலையிறங்கிச் செல்லும் குடும்பத்தாருக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. சில நிமிடங்களில் முடியும் சிகிச்சைக்காக வாரக்கணக்கில் வெளியூரில் தங்குவானேன்? மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுத்துவிடலாகாதா?

விடை செல்லுக்குள் இருக்கிறது. கதிர்வீச்சின் அளவைக் ‘கிரே’ என்னும் அலகால் குறிப்பர். ஒரு கிரே, ஒரு செல்லின் டி.என்.ஏ.யில் ஏறத்தாழ 1,000 ஒற்றை இழை முறிவுகளை உண்டாக்கும். அவற்றைச் செல் எளிதில் சரிசெய்துகொள்ளும். இரண்டு இழைகளும் சேர்ந்து அறுபடுவது ஏறக்குறைய 40 இடங்களில்தான். ஆயினும் செல்லைக் கொல்வது பெரும்பாலும் அதுவே.

இச்சேதத்தை நேரில் எண்ணிப் பார்த்த ஆய்வுகள் நம் அண்டை மாநிலத்திலேயே, மங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் நடந்துள்ளன. அங்குள்ள மைக்ரோட்ரான் என்னும் கருவி, 80 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான் கற்றையைத் தருவது. ஆய்வாளர்கள் மனித இரத்தத்தை அக்கற்றைக்கு உட்படுத்தினர். பின்னர் அதன் வெள்ளணுக்களை வளர்த்து, அவை இரண்டாகப் பிரியும் தறுவாயில் நிறுத்தி, நுண்ணோக்கியில் நோக்கினர். ஒட்டாமல் தனித்துப்போன மரபுத் துண்டுகள் உட்கருவின் அருகே சிறு உருண்டைகளாகத் தெரியும். கதிரின் அளவு கூடக்கூட அவ்வுருண்டைகளும் பெருகின. தோலிலும் அதையொட்டிய பகுதிகளிலும் உள்ள கட்டிகளுக்கு மருத்துவமனைகள் பயன்படுத்துவதும் இத்தகைய எலக்ட்ரான் கற்றையே.

நலமான செல்கள் முறிவுகளுள் பெரும்பாலானவற்றைச் சில மணி நேரத்தில் செப்பனிட்டுக்கொள்ளும். புற்றுச் செல்களுக்கு அத்திறன் பொதுவாகக் குறைவு. எனவேதான் நாளொன்றுக்கு 2 கிரே, வாரத்துக்கு 5 நாள் என்னும் முறை பரவலாக உள்ளது. (சில நோய்களுக்கு நாள்களைக் குறைத்து அளவைக் கூட்டுவதும் உண்டு, அது மருத்துவர் முடிவு.) தேயிலைத் தோட்டத்தில் வாழ்வோருக்கு இது புதிதன்று. கவாத்து செய்த செடி தளிர்க்குமுன் மீண்டும் வெட்டினால் செடியே பட்டுப்போகும்; நெடுநாள் கவனியாமல் விட்டாலோ களை மண்டிவிடும்.

அந்தக் களைதான் நமக்குக் கவலை. மழை, பேருந்தின்மை, கூலி இழப்பு ஆகியவற்றால் சிகிச்சை நாள் தவறினால், எஞ்சிய புற்றுச் செல்கள் பெருக அவகாசம் கிடைக்கிறது. ‘ஒரு நாள்தானே’ என்று இருந்துவிடாமல், அன்றே சிகிச்சைப் பிரிவுக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள். தவறிய நாளை ஈடுசெய்ய வழியுண்டு. சிலருக்கு ஒரே நாளில் இருமுறை கதிர்வீச்சு தருவர். ஆனால் இரண்டுக்கும் இடையே குறைந்தது 6 மணி நேரம் விடுவர். நலமான செல்கள் தம்மைச் செப்பனிட்டுக்கொள்ள அந்நேரம் வேண்டும்.