மாதாமாதம் டிவிடெண்ட்: முதலுக்கு என்ன ஆகும்?

கேள்வி: ஓய்வு பெற்றவன் நான். அமெரிக்காவில் இருக்கும் மகன், "கவர்டு கால் ஃபண்டில் போடுங்கப்பா, மாதாமாதம் டிவிடெண்ட் வரும், வருடத்துக்கு 11, 12 சதவிகிதம்" என்கிறான். போடலாமா?
- வாசகர், கனகசெட்டிக்குளம், புதுச்சேரி

பதில்: மகன் சொல்லும் சதவிகிதம் பொய்யில்லை. ஆனால் அது முழுக்க லாபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபண்டிடம் உள்ள பங்குகளை ஒரு விலைக்கு வாங்கும் உரிமையை (கால் ஆப்ஷன்) வெளியாருக்கு விற்று, அதற்குக் கிடைக்கும் பிரீமியத்தை உங்களுக்குப் பிரித்துத் தருகிறார்கள். தோப்பைக் குத்தகைக்கு விட்ட மாதிரிதான்: தேங்காய் விலை ஏறினால் குத்தகைக்காரருக்கு லாபம், மரம் சாய்ந்தால் உங்களுக்கு நஷ்டம். 2011 தானே புயலைப் பார்த்த ஊர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

நாஸ்டாக் 100 பங்குகளில் இதைச் செய்யும் க்யூஒய்எல்டி ஃபண்ட், 2013 டிசம்பரில் சுமார் 25 டாலரில் தொடங்கியது. 2023 முடிவில் 17 டாலர் சொச்சம். அதே காலத்தில் குறியீடு நான்கு மடங்குக்கு மேல் ஏறியது. இடையில் கொடுத்த பணத்தைச் சேர்த்தாலும் குறியீட்டை எட்டவில்லை. போதாததற்கு, இங்கிருந்து முதலீடு செய்பவரின் டிவிடெண்டில் அமெரிக்க அரசு 25 சதவிகிதம் பிடித்துக்கொள்ளும்.

நம்மூர் மியூச்சுவல் ஃபண்டுகள், வைத்திருக்கும் பங்கு மதிப்பில் 15 சதவிகிதம் வரைதான் இப்படி கால் ஆப்ஷன் எழுதலாம் என்று 2019-இல் செபி வரம்பு வைத்தது. டிவிடெண்ட்தான் வேண்டுமென்றால், நம்மூரில் அதிக டிவிடெண்ட் தரும் பங்குகளும் மோசமில்லை. ஆனால் 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்டுக்கு உங்கள் வரி விகிதப்படி வரி உண்டு.

செலவுப் பணத்துக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 30 லட்சம் வரை போடலாம். மீதிக்குச் சாதாரண இண்டெக்ஸ் ஃபண்ட், தேவைக்கேற்ப எஸ்டபிள்யூபி (ஃபண்டிலிருந்து மாதாமாதம் குறிப்பிட்ட தொகையை எடுக்கும் வசதி). மகன் மனம் கோணாமலிருக்க கவர்டு காலில் பத்தில் ஒரு பங்கு போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.