மிதிக்கும் கிளட்சுக்கும் நடுவே
(இளம் அறிவியல், இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

நெம்புகோல் தத்துவத்தை நாம் அனைவரும் தேர்வுக்காகப் படித்திருக்கிறோம். எனக்கு அது விளங்கியது, என் தந்தையார் வேலை செய்யும் திண்டுக்கல் லேத்துப் பட்டறையில், ஒரு பழைய ஜீப் பிக்கப்பின் அடியில்தான்.

1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் இணைக்கத் தொடங்கியது. அவ்வழி வந்த இந்த வண்டி சிறுமலையிலிருந்து வாழைத்தார் இறக்குவது. அதன் கிளட்ச் குறுக்குத்தண்டு முறிந்துபோயிற்று. கடைகளில் அகப்படவில்லை, நாங்களே செய்யவேண்டியதாயிற்று.

மிதி சேஸியில் இருக்கிறது. கிளட்ச் எஞ்சினோடு இருக்கிறது. எஞ்சினோ ரப்பர் மெத்தைமேல் ஆடிக்கொண்டே இருப்பது. எனவே குறுக்குத்தண்டின் ஒரு முனை சேஸியிலும் மறுமுனை எஞ்சின் பக்கத்திலும் குண்டு மூட்டுகளில் அமர்கிறது. ஆட்டத்தை அது தாங்கிக்கொள்ளாவிட்டால், ஓட்டுநர் மிதிக்காமலேயே கிளட்ச் இழுபடும்.

மிதியின் கைகள் 30 செ.மீ., 5 செ.மீ.; விகிதம் 6. தண்டின் இரு கைகளும் 9 செ.மீ.; விகிதம் 1. கிளட்ச் கவை 2. மொத்தம் 12 மடங்கு. பேரிங்கில் 180 கிலோ எடைக்கு நிகரான விசை வேண்டுமென்று கொண்டால், காலால் 15 கிலோ கொடுத்தால் போதும்.

ஓட்டுநருக்கு முழங்கால் வலி. மிதி இலேசாக இருக்கவேண்டுமென்றார். தந்தையார் வெளிக்கையை 6 செ.மீ. ஆக்கிப் பற்றவைத்தார். "பஞ்சு மாதிரி இருக்கே!" என்று மகிழ்ந்த ஓட்டுநர் கியரைப் போட்டார். கரகரவென்று ஒரே சத்தம்!

"ஏத்தா, நீ படிக்கிற படிப்புல இதுக்குக் கணக்கு இருக்கா?" என்றார் தந்தையார். எங்கள் வீட்டில் எவரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கை நடுங்கச் சாக்குக்கட்டியை எடுத்தேன்.

மிதியின் ஓட்டம் 12 செ.மீ. அதில் 2.5 செ.மீ. வெற்றோட்டம், எஞ்சியது 9.5. முன்பு பேரிங் நகர்ந்தது 9.5/12, அதாவது ஏறத்தாழ 8 மி.மீ. இப்போது விகிதம் 18, நகர்வது 5.3 மி.மீ. மட்டுமே. தகடு முழுதும் விடுபடவில்லை. பாரத்தோடு கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்ற முடியாமற் போனால் என்னாகும்? விசையில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் இழந்திருந்தோம்.

கை மீண்டும் 9 செ.மீ. ஆயிற்று. ஆனால் முழங்கால் வலி? அதற்கு என் கணக்கில் விடையில்லை, தந்தையாரிடம் இருந்தது. மிதியின் புஷ் தேய்ந்து, துருவேறிப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கைவிரலாலேயே கண்டுபிடித்தார். உராய்வை நான் சேர்க்கவே இல்லை! புதிய பித்தளைப் புஷ் கடைந்து, கிரீஸ் வைத்தார். மிதி நன்றாகவே இளகிற்று.

கடைசியில் வெற்றோட்டத்தை மரையால் சரிசெய்தோம். தகடு தேயத் தேய வெற்றோட்டம் குறையும். அற்றுப்போனால் கிளட்ச் வழுக்கும். ஆகவே மரையில் இன்னும் திருக இடம் விட்டு நட்டை முடுக்கினோம். மறுநாள் விடியலில் வண்டி மலையேறிற்று.