வரைபட அனுமதி கையில் இருக்கிறது, வீட்டில் குடியிருக்கலாமா?

கேள்வி: அனலைதீவில் எனக்குச் சீதனமாக வந்த காணியில் புது வீடு கட்டினோம். ஊர்காவற்றுறைப் பிரதேச சபை வரைபடத்துக்கு அனுமதி தந்திருந்தது. கட்டும்போது மேசனின் சொல்கேட்டு முன்விறாந்தையை ஒழுங்கைப் பக்கம் நீட்டினோம். பின்னால் ஒரு குளியலறையும் கூட்டினோம். நான் கனடாவில். சித்தி அங்கே தங்கி வீட்டைப் பார்க்கிறா. தை மாதம் குடிபூரல். இப்போது சபையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. இடித்துவிடுவார்களா?

பதில்: கடிதம் வந்ததுமே யாரும் இடிக்க வரமாட்டார்கள். ஆனால், பதில் எழுதாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதித்த வரைபடத்துக்கு மாறாகக் கட்டுவது குற்றம். வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்க் குற்றம் நிரூபிக்கப்பட்டால், மாறாகக் கட்டிய பகுதியை இடிக்கவோ திருத்தவோ நீதவான் கட்டளையிடலாம். சீமெந்தையும் கல்லையும் வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவந்து கட்டிய வீடு. அந்த நிலைக்குப் போகவே விடக்கூடாது.

வரைபட அனுமதி கட்டுவதற்கு மட்டுமே. கட்டி முடித்த வீடு சட்டப்படி அமைந்திருக்கிறது என்று தவிசாளர் தரும் அமைவுச் சான்றிதழ் வேறு. எல்லோரும் சி.ஓ.சி. என்பது அதைத்தான். அது இல்லாமல் அங்கே காவலுக்கு இருப்பவரைத் தவிர வேறு யாரும் குடியிருக்கக்கூடாது என்கிறது அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு. சித்தி வீட்டைக் காவல் காக்க மட்டும் இருந்தால் பிரச்சினை இல்லை. குடும்பமாகக் குடிபுகுந்தால் அது வேறு கதை. எனவே குடிபூரலைத் தள்ளிவையுங்கள். நாள் பார்த்தாயிற்றே என்ற சங்கடம் எனக்கும் புரிகிறது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. காணி கடலிலிருந்து எவ்வளவு தூரம்? 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரைக் கரையோர வலயமாக்கி, அதற்குள் கட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும் என்கிறது. அனலைதீவு போன்ற சிறு தீவில் எத்தனையோ வளவுகள் அதற்குள் அடங்கும். சபை அனுமதி இதற்கு ஈடாகாது. கேரளத்தின் மரடு என்ற ஊரில் உள்ளூராட்சி அனுமதியோடு எழுந்த நான்கு அடுக்குமாடித் தொகுதிகள், கரையோர விதிகளை மீறியவை என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அங்கே வீடு வாங்கியவர்கள் அந்த உள்ளூராட்சி அனுமதியைத்தான் நம்பியிருந்தார்கள். எனவே உங்கள் காணி கரையோர வலயத்துக்குள் வருகிறதா என்று பிரதேச செயலகத்தில் முதலில் விசாரியுங்கள்.

அடுத்து, படவரைஞரைக் கொண்டு இப்போது இருக்கிறபடியே வீட்டை அளந்து, திருத்திய வரைபடத்தைச் சபைக்குக் கொடுங்கள். குளியலறைக்கு அனுமதி கிடைக்கலாம். அதன் குழி உங்கள் கிணற்றுக்கும் அயலவர் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்ப்பார். நன்னீர் அருமையான தீவில் அவர் கண்டிப்பாக இருப்பதுதான் நியாயம். விறாந்தை ஒழுங்கையின் கட்டட எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தால் வாதாடிப் பயனில்லை. அந்த அளவை நீங்களே வெட்டிவிடுவது நல்லது.

நீங்கள் வரமுடியாவிட்டால், ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் சித்தியின் பெயருக்கு அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பி, இங்கே பதிவு செய்வியுங்கள். அது வந்து சேரும்வரை, கடிதம் கிடைத்தது, திருத்திய வரைபடம் தருகிறோம், கால அவகாசம் வேண்டும் என்று உங்கள் கையொப்பத்தோடு சபைக்கு இந்த வாரமே பதிவுத் தபாலில் எழுதுங்கள்.