கடுநோய்த் தாதிச் சிகிச்சையாளர்: அமெரிக்காவில் அவரை ஆக்கும் கல்வி

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிபுரிவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டினார். அந்நான்காம் கூற்றினரே இக்காலத்துத் தாதியர். அவருட் சிலர், தக்க மேற்கல்வி பெற்றபின், இரண்டாம் கூற்றினர்க்கே உரியனவாயிருந்த கடமைகள் சிலவற்றையும் ஏற்கலாம் என ஐக்கிய அமெரிக்கா அறுபது ஆண்டுகளுக்கு முன்னர்த் துணிந்தது. அத்துணிவு எவ்வாறு தோன்றியது, அதற்குரிய கல்வி யாது, அக்கல்விக்குப் புகும் வாயில்கள் எவை, அவற்றுட் பிழைபடாது தேர்வது எங்ஙனம் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தாதியர் தொழிலிற் புகுந்துள்ள நம் பழைய மாணவர்க்கும், இனிப் புகக் கருதுவோர்க்கும் இது பயன்படும் என நம்புகின்றோம்.

பெயரும் பொருளும்

‘நேர்ஸ் பிறக்டிஷனர்’ என அந்நாட்டார் வழங்கும் பெயரை ஈண்டுத் ‘தாதிச் சிகிச்சையாளர்’ எனக் குறிப்போம். இவர், பதிவுபெற்ற தாதியாய் இருந்து, பல்கலைக்கழகத்தில் மேற்பட்டக் கல்வி பெற்று, நோயாளரைச் சோதித்து, நோய் இன்னதெனத் துணிந்து, மருந்தும் விதிக்க உரிமை பெற்றவர். இவருள்ளும், நாடோறும் வரும் சிறு நோய்களையும் நெடுநாட் பிணிகளையும் கவனிப்போர் ஒருசாரார். திடீரென முற்றிய நோயினால் உயிர் ஊசலாடும் நிலையிலுள்ளோரைக் கவனிப்போர் மற்றொருசாரார். இப்பின்னையோரையே கடுநோய்த் தாதிச் சிகிச்சையாளர் என்கின்றோம்.

சாதாரண தாதிக்கும் இவருக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். இரவு இரண்டு மணி. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு முதியவருக்குக் கிருமிகள் இரத்தத்திற் பரவி, இரத்த அழுத்தம் வீழ்கின்றது. அவ்வீழ்ச்சியை முதலிற் காண்பவர் தாதியே. ஆனால், உடனே இரத்தத்தைச் சோதனைக்கு எடுப்பித்து, ஒரு மணித்தியாலத்துள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்குவித்து, நாளத்தின் வழியே எவ்வளவு திரவம் செலுத்துவது எனக் கணித்து, அதனாலும் அழுத்தம் உயராவிடின் நோரட்ரினலின் என்னும் மருந்தை ஏற்றத் துணிந்து, அதற்கெனக் கழுத்திலுள்ள பெருநாளத்தில் குழாய் செலுத்துதல் சிகிச்சையாளர் தொழில். நோயாளருக்குச் சுவாச இயந்திரம் பொருத்தப்பட்டிருப்பின், அது காட்டும் எண்களைக் கண்காணித்து மாறுதலை அறிவிப்பவர் தாதி; நோயாளரின் உயரத்திலிருந்து அவருக்குரிய எடையைக் கணித்து, ஒவ்வொரு மூச்சுக்கும் எவ்வளவு காற்றுச் செல்லவேண்டும் எனத் தீர்மானிப்பவர் சிகிச்சையாளர். காண்பதற்கும் துணிவதற்கும் இடையே உள்ள இத்தூரத்தைக் கடப்பிப்பதற்கே அம்மேற்கல்வி ஏற்பட்டது.

தோன்றிய வரலாறு

1965ஆம் ஆண்டிற் கொலறாடோப் பல்கலைக்கழகத்தில் லொறெற்றா போர்ட் என்னும் தாதியப் பேராசிரியரும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை வைத்தியரும் சேர்ந்து முதற் பயிற்சியைத் தொடங்கினர். வைத்தியர் போதாத இடங்களில் வாழ்ந்த வறிய குழந்தைகளுக்கு உதவுவதே அவர் கருத்து. வைத்தியர் சிலரும் தாதியர் சிலரும் ஒருங்கே அம்முயற்சியைக் குறைகூறினர். எனினும் அது நிலைத்தது. அதனை நாட்டிய லொறெற்றா போர்ட் அம்மையார், அது நாடெங்கும் பரவியதைக் கண்ணாரக் கண்டு, 2025ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் 104ஆம் வயதிற் காலமானார்.

தொடக்கத்தில் இச்சிகிச்சையாளர் பணி பெரும்பாலும் வைத்தியசாலைக்கு வெளியே நிகழ்ந்தது. 1970களில், குறைமாதத்திற் பிறந்த குழந்தைகளைப் பேணும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அவர் இடம்பெற்றனர். 1990களில் வளர்ந்தோரின் கடுநோய்க்கெனத் தனிப்பயிற்சி வளர்ந்தது. 1995ஆம் ஆண்டில் இத்துறைக்குரிய தேசியச் சான்றுப் பரீட்சை முதன்முறை நடைபெற்றது. பின்னர், 2003ஆம் ஆண்டில், பயிற்சி வைத்தியர் வாரத்துக்குச் சராசரி 80 மணித்தியாலத்துக்கு மேல் வேலைசெய்தலாகாது என நாடளாவிய விதி வந்தது. உறக்கமின்றிச் சோர்ந்த வைத்தியரால் நோயாளர்க்கு ஊறு நேரும் என்னும் அச்சமே அவ்விதிக்கு ஒரு காரணம். அதனால் வெற்றிடமான இரவுகளை நிரப்புதற்குக் கடுநோய்த் தாதிச் சிகிச்சையாளர் மேலும் வேண்டப்பட்டனர்.

அடித்தளம்

இக்கல்விக்கு முதற்படி பதிவுபெற்ற தாதியாதல். பொதுவாக நான்காண்டு இளமாணிப் பட்டம் பெற்று, தேசிய உரிமப் பரீட்சையிற் சித்தியெய்துதல் வேண்டும். வேறொரு துறையிற் பட்டம் பெற்றோர்க்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரையில் முடியும் விரைவுப் பயிற்சியும் உண்டு.

அடுத்த படி அனுபவம். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள், தீவிர சிகிச்சைப் பிரிவு போன்ற இடத்தில் ஓராண்டேனும் ஈராண்டேனும் தாதியாய்ப் பணிபுரிந்தவரையே விரும்பி ஏற்கின்றன. இதனை வெறும் தடையாக மாணவர் கருதுதல் தவறு. நோய் முற்றுமுன் முகத்தில் தோன்றும் மாற்றத்தையும், மூச்சின் வேகத்தில் நிகழும் சிறு வேறுபாட்டையும் அறியும் கண், புத்தகத்தால் வருவதன்று. அக்கண்ணோடு வருபவருக்கே மேற்கல்வி எளிதாகும்.

மூன்று வாயில்கள்

இளமாணிப் பட்டம் பெற்ற தாதிக்கு மேற்கல்வி வாயில்கள் மூன்று. முதலாவது, தாதியத்தில் முதுமாணிப் பட்டம். முழுநேரம் பயில்வோர் ஏறத்தாழ ஈராண்டில் இதனை முடிப்பர். இரண்டாவது, தாதியத் தொழிற் கலாநிதிப் பட்டம். இளமாணிப் பட்டத்திலிருந்து நேரே செல்வோர்க்கு முழுநேரப் படிப்பு மூன்று அல்லது நான்கு ஆண்டு நிகழும். பட்டத்துக்குப்பின் 1,000 மணித்தியாலப் பயிற்சி இதற்கு வேண்டும். மூன்றாவது, முன்னரே முதுமாணியோ கலாநிதியோ ஆனவர் வேறொரு பிரிவுக்கு மாறுதற்குரிய சான்றிதழ்க் கல்வி.

முன்னிரண்டனுள் எது சிறந்தது என்பது நெடுநாள் வாதம். அமெரிக்கத் தாதியக் கல்லூரிகள் சங்கம் 2004ஆம் ஆண்டில், 2015ஆம் ஆண்டளவில் உயர்நிலைத் தாதியர் யாவரும் கலாநிதிப் பட்டத்தோடு தொழில் தொடங்குதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அவ்வாண்டு கடந்தது, முதுமாணி வழி மூடப்படவில்லை. மயக்கமருந்துத் தாதியரோ வேறுவழிச் சென்றனர்: 2022ஆம் ஆண்டு முதல் அப்பயிற்சியிற் சேர்வோர்க்குக் கலாநிதிப் பட்டம் கட்டாயமாயிற்று. ஆதலின், பொருளும் காலமும் குறைந்தவர் முதுமாணி வழியாற் சென்று, பின்னர் வேண்டின் கலாநிதிப் பட்டம் பெறலாம். நோயாளர் படுக்கையருகே இருவர்க்கும் பெரும்பாலும் ஒரே கடமையே உண்டு.

பாடமும் பயிற்சியும்

எவ்வாயிலாற் சென்றாலும் மூன்று பாடங்கள் தனித்தனியே கற்றாக வேண்டும்: நோயினால் உடற்றொழில் மாறுபடும் முறையை விளக்கும் உயர்நிலை நோயியல், மருந்துகளின் இயல்பை விளக்கும் உயர்நிலை மருந்தியல், உடலைச் சோதிக்கும் உயர்நிலை முறை. இவற்றின்மேல், இருதயம், சுவாசம், சிறுநீரகம், மூளை என உறுப்புத்தோறும் நேரும் கடுநோய்களும், சுவாச இயந்திரத்தை நடத்துதல், தமனியிலும் பெருநாளத்திலும் குழாய் செலுத்துதல், மூச்சுக்குழாய் பொருத்துதல் முதலிய செய்முறைகளும் கற்பிக்கப்படும்.

வைத்தியசாலையில் நோயாளரை நேரே கவனிக்கும் பயிற்சிக்குக் குறைந்தபட்சம் 500 மணித்தியாலம் வேண்டும் என்று பல்லாண்டு விதி இருந்தது. 2022ஆம் ஆண்டில் அது 750 ஆக உயர்த்தப்பட்டது. வைத்தியருக்கோ, நான்காண்டு வைத்தியக் கல்லூரிக்குப்பின் குறைந்தது மூன்றாண்டு வதிவிடப் பயிற்சி உண்டு. அவ்வொப்பீட்டை எடுத்துக்காட்டி, இவர் கல்வி போதாதென வைத்தியர் பலர் கூறுவர். தாதியாய்க் கழித்த ஆண்டுகளை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடுதல் முறையன்று எனத் தாதியர் விடை கூறுவர். இருபக்கத்திலும் உண்மை உண்டு. தாதியின் அனுபவம் காணக் கற்பிக்கின்றது. துணிவது வேறு பயிற்சி. இதனை உணர்ந்தே பல வைத்தியசாலைகள் பட்டம் பெற்றவர்க்குப் பெரும்பாலும் ஓராண்டு கொண்ட மேற்பயிற்சியை அமைத்துள்ளன. அது கட்டாயமன்று; ஆயினும் தகுதியுடையோர் அதனை விரும்பிச் செய்தல் நன்று.

வாயில் தவறினால்

2008ஆம் ஆண்டில் தாதியச் சங்கங்கள் பல கூடி ஓர் ஒழுங்கை வகுத்தன. அதன்படி ஒருவர் கற்கும் கல்வி, எழுதும் பரீட்சை, பெறும் உரிமம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துதல் வேண்டும். நோயாளர் குழுக்கள் ஆறாக வகுக்கப்பட்டன: எல்லா வயதினரும் அடங்கிய குடும்பம், வளர்ந்தோரும் முதியோரும், குழந்தைகள், பிறந்த சிசுக்கள், மகளிர் நலம், உளநலம் என்பன. அவற்றுள் வளர்ந்தோர் பிரிவும் குழந்தைகள் பிரிவும் முதனிலைப் பராமரிப்பு, கடுநோய்ப் பராமரிப்பு என இரண்டாகப் பிரியும். இப்பிரிவு கட்டடத்தைப் பொறுத்ததன்று; நோயாளரின் தேவையைப் பொறுத்தது. வைத்தியசாலைக்குள் இருப்பதனால் மாத்திரம் ஒருவர் கடுநோய்ச் சிகிச்சையாளர் ஆகார்.

இவ்வொழுங்கை அறியாமையால் நேரும் இடர் பெரிது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறாண்டு பணிபுரிந்த தாதி ஒருவர் மேற்கல்வி கற்க விழைகின்றார் எனக் கொள்வோம். குடும்பப் பிரிவு எல்லா வயதினரையும் உள்ளடக்குவதால், எங்கும் வேலை கிடைக்கும் என எண்ணி அதிற் சேர்கின்றார். ஈராண்டு கற்றுப் பட்டமும் சான்றும் பெற்று, தாம் பழகிய அதே பிரிவுக்கு மீளுகின்றார். ஆனால், சுவாச இயந்திரத்தை நடத்தவும் பெருநாளத்திற் குழாய் செலுத்தவும் அவர் கல்வி அவரைப் பயிற்றவில்லை. வைத்தியசாலை அவரை ஏற்க மறுக்கலாம். ஏற்றபின் தவறு நேரின், உரிமம் அவரைக் காவாது. சான்றிதழ்க் கல்வியின்பொருட்டு மேலும் ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ அவர் பள்ளிக்குத் திரும்புதல் வேண்டும். காலமும் பொருளும் இருமுறை செலவாகும்.

சான்றும் உரிமமும்

கல்வி முடிந்தபின் தேசியச் சான்றுப் பரீட்சை எழுதுதல் வேண்டும். வளர்ந்தோர்க்குரிய கடுநோய்ப் பிரிவுக்கு அமெரிக்கத் தாதியர் சான்றளிப்பு நிலையமும், அமெரிக்கக் கடுநோய்த் தாதியர் சங்கமும் தனித்தனிப் பரீட்சை நடத்துகின்றன. இரண்டில் ஒன்று போதும். சான்றை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். உரிமம் வழங்குவது மாநிலத்தின் அதிகாரம். சில மாநிலங்களில் இவர் தாமாகவே மருந்து விதிக்கலாம். வேறு சிலவற்றில் வைத்தியர் ஒருவரோடு எழுத்து மூலம் உடன்படிக்கை செய்தல் வேண்டும்.

நம்மவர்க்கு ஒரு சொல்

இலங்கையில் மூன்றாண்டுத் தாதியர் டிப்ளோமாப் பெற்றவர் அப்பத்திரத்தோடு நேரே அம்மேற்கல்வியிற் சேர்தல் அரிது. திறந்த பல்கலைக்கழகம் முதலியவற்றில் தாதிய விஞ்ஞானமாணிப் பட்டம் பெறுதல் முதல் வேலை. பின்னர், கல்வித் தகைமையை மதிப்பிடுவித்து, ஆங்கிலப் பரீட்சையிலும் அமெரிக்க உரிமப் பரீட்சையிலும் சித்தியெய்தி, அந்நாட்டிலே தாதியாய்ச் சில ஆண்டு பணிபுரிதல் வேண்டும். பாடங்கள் கணினி வழியாகக் கிடைப்பினும், நோயாளர் அருகே பெறும் பயிற்சிக்கு அந்நாட்டு உரிமம் வேண்டும். இங்கிருந்தே எல்லாம் முடிக்கலாம் எனக் கூறிப் பணம் கேட்போரை நம்பற்க.

ஒரு பல்கலைக்கழகத்தைத் தேருமுன் நான்கு வினாக்களைக் கேட்டறிக. அதன் கல்விக்குத் தேசிய அங்கீகாரம் உண்டா? நாம் வாழும் மாநிலம் அதனை ஏற்குமா? பயிற்றும் வழிகாட்டியைப் பல்கலைக்கழகம் தேடித் தருமா, மாணவரே தேடுதல் வேண்டுமா? முன் பயின்றோருட் சான்றுப் பரீட்சையிற் சித்தியெய்தியவர் எத்துணையர்? மூன்றாம் வினாவைக் கேளாது சேர்ந்து, வழிகாட்டி கிடையாமற் பட்டம் பிந்தியோர் உளர்.

வள்ளுவர் வகுத்த நான்காம் கூற்றினர் தம் இடத்தைவிட்டு இரண்டாம் இடத்துக்குத் தாவுதலே இக்கல்வியின் பயன் என்று கருதலாகாது. நோயாளரின் அருகே நெடுநேரம் இருப்பவர் அவரே. அருகிருப்பவருக்கே துணியும் ஆற்றலும் வாய்ப்பின், இரவு இரண்டு மணிக்கு நோயாளர் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால், துணியும் உரிமை எவ்வளவோ அவ்வளவு கல்வியும் இருத்தல் வேண்டும். உரிமையை விரைந்து பெறும் குறுக்குவழியைத் தேடாது, கல்விக்குரிய நேர்வழியைத் தேடுவோராக நம் மாணவர் அமைவாராக.